ஏழாம் நம்பர்

"மத்ததெல்லாம் செத்துப்போச்சு. இந்த ஏழாம் நம்பர் மட்டும் எப்படிம்மா சாகாம கெடக்கு?"

மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கிய புரொபசர் அழகுராஜாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது. ஆராய்ச்சி மாணவி சுஃபியா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கேன்சர் நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்து, லேபில் வளர்க்கும் செல்கள் அவை. பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். செல்லுக்குள்ளே மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒரு துக்கடா இருக்கிறது. கேன்சரைத் தூண்டிவிடுகிற வில்லன் அதுதான். அதன் வாயைக் கட்டிப்போடத்தான் இந்த மருந்து.

ஒவ்வொருவர் செல்லையும் இரண்டு தட்டில் பிரித்து, ஒன்றில் மருந்தும் இன்னொன்றில் டம்மியும் விடுவார்கள். டம்மியும் பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், செல்லுக்குள்ளும் போகும், ஆனால் ஒரு மண்ணும் செய்யாது. மருந்து விட்ட தட்டெல்லாம் காலி. ஏழாம் நம்பர் மட்டும் இரண்டு தட்டிலும் ஜம்மென்று பெருகிக்கொண்டிருந்தது.

"இதால உன் டாக்டர் பட்டமே தொங்குது, தெரியுதா? வீட்டுல கேக்க மாட்டாங்களா?"

"கேக்க ஆள் இல்ல சார்."

அவள் ஆனையூரில் தனியாக இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமையும் இங்கயே கெடக்குற. மேலூர்ல சொந்தக்காரங்க இருக்காங்கன்னியே, ஒரு எட்டு போயிட்டு வரலாம்ல?"

"செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும் சார்."

பொய்யில்லை. ஆனால் பூட்டிய வீட்டைத் தானே திறந்து, தானே லைட்டைப் போட்டு, பேச்சுத் துணைக்கு டிவியை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. இங்கே வந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே பொழுதை ஓட்டலாம்.

அவர் கையுறையை மாட்டினார். "கொண்டா, இன்னைக்கு மருந்த நானே விடுறேன்."

சுஃபியா மருந்துக் குப்பியைத் தேடுகிற மாதிரி நடித்தாள். "அடுத்த வாரம் பாப்போமே சார்..."

"எம்புட்டு நாளைக்குத்தான் இழுப்ப? ஃப்ரீஸர்ல இந்த நம்பர் வேற இருக்கா?"

"இல்ல சார். இந்த ரெண்டு தட்டுதான் மிச்சம்."

"அப்ப ரெண்டுலயும் மருந்த விட்டு இன்னைக்கே முடிச்சிருவோம்."

மருந்தை உறிஞ்சியெடுத்த பிப்பெட்டின் நுனி தட்டை நெருங்கியது. சுஃபியா சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டாள். புரொபசர், பெரிய மனுஷர் என்றெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

"மன்னிச்சிருங்க சார். ஏழாம் நம்பருக்கு மட்டும் ரெண்டு தட்டுலயும் டம்மிதான் விட்டேன்."

"பைத்தியமா உனக்கு? யாரோ ஒரு நோயாளியோட செல்லுக்காக..."

"யாரோ இல்ல சார். ஆஸ்பத்திரியில இருந்து அந்தக் கட்டிய ஐஸ் பெட்டியில வாங்கிட்டு வந்ததே நாந்தான?" அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்கம்மாவுல இன்னும் உயிரோட இருக்கிறது இம்புட்டுத்தான் சார்."