மூன்றாவது சிவப்புக் குறி

"இங்க வந்து பாருங்க இந்தக் கூத்தை! உலகத்துக்கே வைத்தியம் பார்க்கக் கிளம்பிட்டான், காப்பியடிச்சு!"

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். கையில் கரண்டி.

"இன்னிக்கு யார் தலை உருளப்போகுது?"

மனைவிக்கு வீட்டிலிருந்தே பரீட்சைக் கண்காணிப்பு வேலை. ஆன்லைனில் படிப்பவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எழுதுவார்கள். இவள் கேமரா வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே திரையில் எட்டு முகங்கள். ஆபீஸில் இவளுக்குக் கழுகம்மா என்று பெயர். அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. போன மாதம் மட்டும் ஏழு பேரைப் பாதியில் எழுப்பி அனுப்பியிருக்கிறாள்.

"ஆறாம் நம்பர். ஆஸ்பத்திரியில நர்ஸாம். உலக சுகாதாரத்துல மேல்படிப்பு, தொலைதூரக் கல்வி. கடைசிப் பரீட்சை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இடது பக்கம் திரும்பி முணுமுணுக்கறான். நீங்களே கேளுங்க."

ஹெட்போனை அவர் காதில் வைத்தாள்.

"முப்பத்தொன்பது... நாற்பது... நாற்பத்தொண்ணு..."

"என்னவோ எண்ணுறான்."

"எண்ணலை. விடை தெரியாத கேள்வியோட நம்பரைச் சொல்றான். பக்கத்துல ஒருத்தன் புத்தகத்தோட இருக்கான். நடுவுல யாரோ இருமினாங்க. அது சிக்னல்! எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"வேலைக்கும் போய்க்கிட்டு ரெண்டு வருஷம் படிச்சிருக்கான், பாவம். விட்டுடேன்."

"விடலாம். நாளைக்கு இவன் உங்க கையிலதான் ஊசி போடப்போறான். பரவாயில்லையா?"

கணவருக்கு ஊசி என்றால் ஆகாது. அடுப்பைப் பார்க்கப் போனார்.

மூன்று சிவப்புக் குறி விழுந்தால் பரீட்சை ரத்து. மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆறாம் நம்பருக்கு ஏற்கெனவே இரண்டு. ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷமே எழுந்து போய்க் கதவைத் திறந்ததற்கு ஒன்று, திரும்பித் திரும்பிப் பார்த்ததற்கு ஒன்று.

இதோ, மறுபடியும் திரும்பிவிட்டான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது.

மூன்றாவது குறிக்கு மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்துவதற்கு முன்னால் அறையைச் சோதிக்க வேண்டும். அதுவும் விதிதான். மைக்கைத் திறந்தாள்.

"தம்பி, எழுதறதை நிறுத்துங்க. லேப்டாப்பைத் தூக்கி ரூமைச் சுத்திக் காட்டுங்க."

அவன் முகம் வெளிறியது.

"ஒரே ஒரு நிமிஷம் மேடம்..."

"எதுக்கு? ஒளிச்சு வைக்கவா? இப்பவே காட்டுங்க."

"காட்டினா கேன்சல் ஆயிடும் மேடம்."

"அப்ப தெரிஞ்சேதான் பண்றீங்க. காட்டுங்க!"

அவன் லேப்டாப்பைத் தூக்கினான். சுவர். ஆணியில் தொங்கும் யூனிஃபார்ம். பாத்திர அலமாரி. ஒற்றை அறைதான் வீடு. அப்புறம் கட்டில். கட்டிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதிருக்கும் குழந்தை, சட்டை கழற்றிய வெறும் நெஞ்சோடு.

புத்தகம் எதுவும் இல்லை.

அந்தப் பெண் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீங்க அசையாதீங்கக்கா" என்றான் அவன். பிறகு திரையைப் பார்த்துச் சொன்னான். "மாடி வீட்டு அக்கா மேடம். ஆரம்பிச்ச உடனே வந்து கதவைத் தட்டினாங்க. குழந்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், இருமல். மூச்சு வேகமா இருக்கு. நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணிக்கிட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே?"

"இவங்க வீட்டுக்காரர் வண்டியோட வந்துக்கிட்டிருக்கார். இன்னும் கால் மணி ஆகும். அதுக்குள்ள ஐம்பதைத் தாண்டினா காத்திருக்க முடியாது, நானே தூக்கிட்டு ஓடணும். முதல்ல நாற்பத்தெட்டு இருந்துச்சு. காய்ச்சல் மருந்து கொடுத்தப்புறம் நாற்பத்தஞ்சு. இப்ப எண்ணும்போதுதான் நீங்க கூப்பிட்டீங்க, விட்டுப்போச்சு."

அந்தச் சின்ன நெஞ்சு வேகமாக ஏறி இறங்குவதை அவள் திரையில் பார்த்தாள்.

"ரூம்ல வேற ஆள் இருக்கக் கூடாதுன்னு தெரியும், ரூல்படி கேன்சல் பண்ணிடுங்க மேடம். தப்பா நினைக்க மாட்டேன். நான் முதல்லேருந்து எண்ணிக்கறேன். ஒரு கண்ணு வாட்ச்சுல, ஒரு கண்ணு நெஞ்சுல. அதான் கணக்குத் தப்பிடுது."

பின்னால் கணவர் வந்து நின்றார். எப்போது பேசக் கூடாது என்பது தெரிந்த மனிதர்.

அம்புக்குறியைச் சிவப்புக் குறியிலிருந்து மெல்ல நகர்த்தினாள். கீழே இன்னொரு பெட்டி இருந்தது, பரீட்சையை இடையில் நிறுத்திவைக்க. காரணம் கேட்டது. மின்தடை. இணையத் துண்டிப்பு. மருத்துவ அவசரம்.

மூன்றாவது காரணம் அங்கே ஆறு வருஷமாக இருக்கிறது. கழுகுக் கண்ணுக்கு ஒருநாளும் அது தென்பட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதை அழுத்தினாள். அவனுடைய பரீட்சை நேரம் நாற்பது நிமிஷம் மீதியோடு அப்படியே நின்றது.

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"தம்பி, பரீட்சையை நிறுத்திவச்சிட்டேன், அது எங்கயும் போகாது. நீங்க குழந்தையோட நெஞ்சை மட்டும் பாருங்க. நிமிஷத்தை நான் பார்த்துக்கறேன். ம்... எண்ணுங்க!"