இரவல் ஆள்

"ஏம்மா இரவல், உங்க ஆபீஸ்ல உன்னை இன்னும் யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

கண்காணிப்பாளர் கேட்டு முடிக்கும் முன்பே பிரிவு முழுவதும் சிரித்தது. அவர் வாயைத் திறந்தால் சிரித்து வைப்பது அங்கே வழக்கம்.

அவள் புள்ளியியல் துறைக்காரி. ஓராண்டு அயல்பணி என்று சொல்லி இந்த வீட்டு வசதி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். நீட்டிப்பு மேல் நீட்டிப்பாக அது இழுத்துக்கொண்டே போனது.

வந்த அன்றே 'இரவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இரவலுக்கு நாற்காலி கிடையாது. யார் லீவோ, அவர் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் லீவு போடாத நாளில் ஜன்னல் திட்டில் கோப்பை வைத்து நின்றபடியே எழுத வேண்டும்.

இன்று எல்லோரும் வந்திருந்தார்கள்.

நாற்காலி வைத்திருந்தவர்கள் என்ன கிழித்தார்கள் என்று கேட்கக் கூடாது. பில் கிளார்க் பல் குத்துவார். டைப்பிஸ்ட் செல்போனில் புடவை பார்ப்பாள். கோப்புகள் மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து ஜன்னல் திட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

அவளுடைய துறையில் பதவி உயர்வு ஆணை வந்திருக்கிறது, பட்டியலில் அவள் பெயரும் இருக்கிறது என்று காலையில்தான் பழைய தோழி சொன்னாள். இன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அயல்பணியில இருந்தாலும் சொந்தத் துறை புரமோஷன்ல எனக்கு உரிமை இருக்கு சார். என்னை விடுவிச்சிடுங்க."

"உரிமையாம்ல." கண்காணிப்பாளர் பிரிவைப் பார்த்துக் கண்ணடித்தார். "உதவாததைத்தாம்மா இரவல் குடுப்பாங்க. உன்னைத் தள்ளிவிட்டுட்டு அவங்க தலைமுழுகியாச்சு. சந்தேகமா இருந்தா போன் போட்டுக் கேளு. ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் கேக்கறோம்."

பில் கிளார்க் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார். எதிர்முனையில் எவனாவது ஒரு உதவியாளன் எடுத்து, 'எந்த அம்மா?' என்று கேட்பான். அதற்காகத்தான் அத்தனை பேரும் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தார்கள்.

அவள் எண்ணை அழுத்தி, போனை அவர் மேஜை மேல் வைத்தாள்.

எடுத்தவர் அவளுடைய துறையின் நிர்வாக அதிகாரி.

"நீங்களாம்மா? உங்களுக்கு ரெண்டு தடவை புரமோஷன் போட்டோம். ரெண்டு தடவையும் உங்க கண்காணிப்பாளர் விடவே இல்லையே. இங்க வேலை தெரிஞ்ச ஒரே ஆள் அந்தம்மாதான், மத்ததெல்லாம் தண்டம், அவங்க போயிட்டா பிரிவை இழுத்து மூட வேண்டியதுதான்னு கெஞ்சாத குறை. நேத்துகூட பேசினாரு."

பல் குத்தும் குச்சி பாதி வழியில் நின்றது.

கண்காணிப்பாளரின் கை போனை நோக்கி நகர்ந்தது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே அவர்கிட்ட கேக்கவே வேணாம். உங்க கடைசி நீட்டிப்பு போன மாசமே முடிஞ்சுபோச்சு. நேரா வந்து சேர்ந்துடுங்க. உங்க சீட் காலியாத்தான் இருக்கு."

அவள் போனைத் துண்டித்தாள். ஜன்னல் திட்டிலிருந்து பேனாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டாள். இத்தனை காலத்தில் அந்த அலுவலகத்தில் அவள் பெயருக்கு இருந்த சொத்து அவ்வளவுதான்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. 'தண்டங்கள்' எல்லாம் கண்காணிப்பாளரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் வாயைத் திறந்தார். முதல்முறையாக ஒருவரும் சிரிக்கவில்லை.

"மேடம், அவசரப்படாதீங்க. கொஞ்சம் உக்காருங்க, பேசிக்கலாம்."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறையை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்தாள்.

"எதுல சார்?"