பன்னிரண்டாவது திருத்தம்

கத்தரிக்கோலைத் தேடி மனைவியின் மேஜையைத் துழாவியபோதுதான் அறவாழியின் கையில் அந்த நோட்டு அகப்பட்டது. மரகதவல்லி கதை எழுதுகிறவள். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினால்தான் கை பழகும் என்பாள். நோட்டு முழுக்க ஒரே பத்திதான் இருந்தது: ஜன்னலோர நாற்காலியில் கணவன் செத்துக் கிடக்கிறான். பெயர்கூட மாற்றவில்லை, அறவாழிதான்.

ஒவ்வொரு திருத்தத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் தனக்குத்தானே குறிப்பு எழுதியிருந்தாள். ‘அழுகை அதிகம், குறைக்கணும்.’ ‘வாய் திறந்திருப்பது பொய்யாகத் தெரிகிறது.’ அவர் பக்கங்களை வேகவேகமாகப் புரட்டினார். பன்னிரண்டாவது திருத்தத்தில் ‘வெள்ளைச் சட்டை’யை அடித்துவிட்டு, ‘ஊதாக் கட்டம் போட்ட சட்டை’ என்று எழுதியிருந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டார். அவரிடம் அப்படியொரு சட்டையே கிடையாது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தார். மரகதவல்லி ஜவுளிக்கடைப் பையோடு உள்ளே வந்தாள்.

“என்னங்க, உங்களுக்கு ஒரு சட்டை எடுத்தேன். போட்டுக் காட்டுங்க.”

பையின் வாய் வழியே ஊதா நிறம் தெரிந்தது.

“அப்புறமா போட்டுக்கறேனே” என்றார்.

“இப்பவே போடுங்க, வெளிச்சம் போயிடும்” என்றபடி அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.