பதினேழாவது குமிழ்

“கிடாரக் கொறச்சிடலாம் கண்ணு,” என்றார் வெண்டல்.

பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லில் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் எல்லாப் பாடகிகளையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தை அறுப்பதற்கு முன்னால் தடவிப் பார்க்கும் பழக்கம்.

என் முதல் ஆல்பம். பத்துப் பாட்டு. கன்ட்ரி என்கிற கிராமத்துப் பாட்டின் மேல் பாப் சர்க்கரை. சர்க்கரை அவர்களுடையது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: நாலாவது பாட்டின் நடுவில் நான் வாசித்த கிடார் தனியாகப் பேசும் முப்பது விநாடி. அது கேட்பவன் காதில் அறைய வேண்டும்.

“ரேடியோ கேக்கற பொம்பளைங்க உன் குரலுக்கு அழுவாங்க. விரலுக்கு எவ அழுவா?”

கௌபாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தொப்பி டெக்சாஸ், ஆள் நியூ ஜெர்சி, பூட்ஸ் இதுவரை சாணியைப் பார்த்ததில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சவுண்ட் இன்ஜினியர் டெல்பர்ட் முந்திக்கொண்டார். “நீங்களே கொறைங்க சார். உங்க காது யாருக்கு வாய்க்கும்?”

சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழ்கள் வரிசையாக இருக்கும் மிக்ஸிங் மேசையின் வலது கோடியில் ஒரு குமிழைக் காட்டினார். வெண்டல் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, குழந்தைக்குச் சொட்டு மருந்து விடுவதுபோல அதைக் கீழே இழுத்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

“பாத்தியா? தேன்.”

எனக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை.

அவர் கார் கிளம்பிய பிறகுதான் டெல்பர்ட் சொன்னார். அந்தக் குமிழுக்கு ஒயரே கிடையாதாம். கம்பெனிக்காரர்கள் இழுத்து விளையாடுவதற்கென்றே வைத்திருக்கிறாராம்.

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். என் பொட்டலத்திலிருந்து காரக் கோழித் தொடை ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். தின்றுவிட்டு சிகரெட் பிடிக்க வெளியே போனார்.

அந்த முப்பது விநாடி மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

மேசையின் இடது கோடியில் என் குமிழ். உன் கிடார், உன் இஷ்டம் என்று முதல் நாளே டெல்பர்ட் எனக்கு ஒதுக்கித் தந்தது. ஒரு வாரமாக மயிரிழை மயிரிழையாக அதை ஏற்றியிருந்தேன். ஏற்றும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

வெண்டல் மாதிரி செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. சுண்டுவிரலைத் தூக்கினேன். கண்ணை மூடினேன். குமிழை அடிவரை இழுத்தேன்.

கிடார் பேசிக்கொண்டே இருந்தது.

உச்சிவரை தள்ளினேன். அப்போதும் அதே பேச்சு, அதே சத்தம்.

டெல்பர்ட்டின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மிச்சம் நாற்பத்தாறு குமிழ்கள். ஒவ்வொன்றாக இறக்கி, கேட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். டிரம் செத்துப் பிழைத்தது. ஃபிடில் செத்துப் பிழைத்தது. என் குரலும்.

பதினேழாவதில் என் கிடார் செத்தது.

அது இருந்த இடத்துக்கே ஏற்றிப் பார்த்தேன். பாதிக்கும் கீழே.

நடையில் டெல்பர்ட்டின் இருமல் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, பதினேழை மேலே தள்ளினேன்.