ஒரே பந்து

"தலையைத் தூக்காத," என்றான் கெய்த்.

இஷ்பெல் இன்னும் மட்டையையே தூக்கவில்லை.

தம்பதிகளுக்கான கோல்ஃப் ஜோடி ஆட்டம். ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். காலையிலிருந்து கணவன் கெடுத்து வைப்பதும் மனைவி சரிசெய்வதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

இது கடைசிக் குழி. இன்னும் இரண்டே அடியில் முடித்தால் கோப்பை. அடுத்தது அவள் அடி, அதற்கடுத்தது அவனுடையது. ஆகவே கெய்த்தாலும் தவறவிட முடியாத தூரத்தில் பந்தை நிறுத்தியாக வேண்டும்.

வேறு எந்த வருடமும் அவள் இந்தக் கோப்பைக்கு இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அவன் அடித்த பந்து கடலோரத்து ஒட்ட வெட்டிய புல்தரையில் கிடந்தது. கல் மாதிரித் தரை. பந்துக்கு ஒரு விரல் பின்னால் இடித்தாலும் மட்டை எகிறிப் பந்தின் மண்டையில் அடிக்கும்.

"கீழ இருந்து அள்ளி விடு. கரண்டியில சூப் எடுக்கற மாதிரி. பந்து தானா எழும்பும். எத்தனை தடவ சொல்றது உனக்கு?"

அவன் அள்ளிவிட்ட பந்துகள் வருடம் முழுக்க முட்புதர்களில்தான் குடியிருந்தன.

இஷ்பெல் உடம்பை இடது காலில் சாய்த்தாள். ஏழாம் நம்பர் இரும்பு மட்டையை மேலிருந்து கீழே இறக்கினாள். முதலில் பந்து. அப்புறம்தான் தரை.

சத்தமே வேறாக இருந்தது.

பெயர்ந்த புல் துண்டை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்து மிதித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். குழியிலிருந்து ஒரு செருப்பு நீளத்தில் நின்றது பந்து.

கெய்த் தட்டினான். பந்து விளிம்பை ஒரு சுற்று சுற்றி, மனசில்லாமல் உள்ளே விழுந்தது.

"பாத்தீங்களா? அள்ளி விடுன்னேன், அள்ளி விட்டா! புருஷன் பேச்சக் கேட்டா இப்படித்தான்." கிளப்பின் மதுக்கூடத்தில் கையில் பியரோடு ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னான்.

கிளப் தலைவர் டூகல் இஷ்பெல்லிடம் வந்தார். "ஏம்மா, வெற்றிப் பலகையில எப்பவும்போல 'திரு, திருமதி ரென்னி'ன்னு எழுதச் சொல்லிடவா?"

"வேண்டாம். இவர் பேரு தனியா, என் பேரு தனியா. இஷ்பெல் கிரேக்."

"அது உன் கல்யாணத்துக்கு முந்தின பேராச்சே."

"திங்கட்கிழமையிலேருந்து மறுபடியும் அதான். விவாகரத்துப் பத்திரத்த வக்கீல் தயார் பண்ணிட்டார்."

கெய்த் இதைக் கேட்டு உரக்கச் சிரித்தான்.

வேறு யாரும் சிரிக்கவில்லை.