பக்கத்து வீட்டு நாடி

ஆஸ்பத்திரி எட்டாத கல்குவாரி ஊர்களில் அரசாங்கம் வீட்டுக்கு ஒருவர் கையில் காப்பு மாட்டிவிட்டிருந்தது. அதில் பக்கத்து வீட்டாரின் நாடி துடிக்கும். ஒருவருக்கு ஆபத்தென்றால் பக்கத்து வீட்டாராவது உதவிக்கு ஓடி வரலாமே என்ற ஏற்பாடு.

மத்தியானம் பேச்சித்தாயின் காப்பில் முப்பிடாதியின் நாடி தடுமாறியது. உலையை இறக்காமலே ஓடினாள். அந்த வீட்டு வாசலை மிதிக்கும்போது காப்பு அடங்கிவிட்டது.

உள்ளே முப்பிடாதி தரையில் கிடந்தாள். அவளுடைய சின்ன மகள் மகிழினி தாயின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

“அத்தை, அம்மாவுக்கு உயிர் இருக்கு! காப்பு துடிக்குது, தொட்டுப் பாருங்க!”

பேச்சித்தாய் தொட்டாள். முப்பிடாதியின் கையில் துடித்தது பேச்சித்தாயின் நாடி. ஓடிவந்த படபடப்பு அப்படியே அதில் இருந்தது.

“தாயி, அது நான்...” என்றாள். அழுகை முட்டியது. காப்பு இன்னும் வேகமாகத் துடித்தது.

“பாருங்க அத்தை, அம்மா முழிக்கப் போறா!” என்றாள் மகிழினி.