எட்டு நிமிஷம்

எண்ணூர் கெமிக்கல் கம்பெனியின் சர்வர் அறையில், ரிப்பேர் பார்க்க வந்த நசீர் பையைத் திறந்தான். காலையிலிருந்து நெட்வொர்க் இல்லை. மும்பை ஹெட் ஆபீஸால் இந்த சர்வருக்குள் வர முடியவில்லை.

"பதினோரு மணிக்கு கவர்மென்ட் ஆபீசருங்க வராங்க. அதுக்குள்ள சரியாகணும்," என்றார் மேனேஜர், வாசலை விட்டு நகராமல்.

"பத்து நிமிஷ வேலை சார்."

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நர்மதா டீ கொண்டுவந்தாள். "குடிச்சிட்டு பொறுமையா பண்ணு பாய்."

"முடிச்சிட்டு குடிக்கிறேன்மா."

"நெட்வொர்க் கார்டே பூட்ச்சின்னு நெனைக்கிறேன். நாளைக்கு புதுசு போட்டுக்கலாமே."

நசீருக்கு எரிச்சல் வந்தது. தனக்குத் தெரியாத வேலையை இன்னொருத்தன் முடித்தால் பொறுக்காதவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

கார்டு நன்றாகத்தான் இருந்தது. அதை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேரைத்தான் காணோம். அதை ஏற்றி, ஐ.பி. நம்பர்களைக் கொடுத்தான். பச்சை விளக்கு மின்னியது. "வந்துடுச்சு சார்," என்று போனில் சொல்லியபடி மேனேஜர் வெளியேறினார்.

"எட்டே நிமிஷம்," என்று நசீர் டீயை எடுத்தான்.

நர்மதா திரையையே பார்த்தாள். சோதனைக்காக அவன் திறந்துவைத்த 'கேஸ் அலாரம்' ஃபோல்டரில் ஃபைல்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"இன்னாம்மா இது, யாரு அழிக்கிறது?"

"மும்பைலேர்ந்து. போன வாரம் கேஸ் லீக்காகி அலாரம் அடிச்சும் பிளாண்ட்டை நிறுத்தல. என் தம்பி உள்ளாறயே செத்துட்டான். அதுக்கு சாட்சி இது ஒண்ணுதான்."

நசீர் ஒயரைப் பிடுங்கினான். அதற்குள் ஃபோல்டர் காலி.

"ஆபீசருங்க வந்து இந்தப் பொட்டிய எடுத்துகினு போற வரைக்கும் இதுங்க அழியாம தாங்கட்டும்னு, டிரைவரை எடுத்ததே நான்தான் பாய்."